துலக்கிய காசு, தொலைந்த விலை

விற்பதற்கு முன் ‘கொஞ்சம் சுத்தம் செய்து வைப்போம்’ என்ற நல்லெண்ணம்தான் பழங்காசுகளின் முதல் எதிரி.

செல்போனைத் திறந்தால் போதும், ‘இந்தக் காசு உங்கள் வீட்டில் இருக்கிறதா? நீங்கள்தான் லட்சாதிபதி!’ என்று ஒரு வீடியோ வந்து நிற்கிறது. மறுநாளே பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்குகிறது. பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் இரண்டு, ஓட்டைக் காலணா நாலைந்து, என்ன ஏதென்று தெரியாத கறுத்த செப்புக் காசு ஒரு கைப்பிடி. ‘இப்படியே எடுத்துட்டுப் போனா எவன் வாங்குவான்?’ என்று வீட்டில் யாரோ ஒருவர் கேட்கிறார். கேட்டவரே புளி கரைக்கவும் உட்கார்ந்துவிடுகிறார்.

அரை மணி நேரத்தில் காசு பளபளக்கிறது. வீடே கூடி நின்று ரசிக்கிறது. நூற்றைம்பது வருடம் போர், பஞ்சம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் தாண்டி வந்த ஒரு பொருள் அந்த அரை மணியில் செத்துப்போயிருக்கிறது என்பது, அதை வாங்குபவர் முன்னால் நீட்டும்போதுதான் தெரியும்.

நம் வீடுகளில் துலக்குவது மரியாதை. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கும், ஆயுத பூஜைக்குக் கருவிகளும், பொங்கலுக்குப் பித்தளைப் பானையும் தேய்த்துப் பழகிய கை, காசைக் கண்டாலும் தேய்க்கத்தான் பார்க்கும். நாணயம் சேகரிப்பவர்களின் கணக்கு நேர் எதிர். அவர்கள் பணம் கொடுப்பது யாரும் கை வைக்காத மேற்பரப்புக்கு. அந்த மேற்பரப்பு ஒரு முறை போனால் எந்தக் கொம்பனாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

விபூதி முதல் ஆசிட் வரை

செப்புக் காசுக்கு நம்மூரில் முதல் மருந்து புளி. இல்லாவிட்டால் எலுமிச்சையும் உப்பும். பழைய செப்புக் காசின் மேலிருக்கும் பழுப்பு நிறம் செம்பும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் பல்லாண்டுகளாகச் சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய படலம். அடியிலுள்ள உலோகத்துக்கு அதுதான் காவல். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் அந்தப் படலத்தைக் கரைத்துவிடுகின்றன. வெளியே வருவது தோலுரித்த மாதிரி ஒரு இளஞ்சிவப்பு. நாணயச்சாலையிலிருந்து புதிதாக வந்த செப்புக் காசுக்குக்கூட அந்த நிறம் கிடையாது. சில வாரங்களில் அதுவும் திட்டுத் திட்டாக மங்கி, முன்பைவிட அசிங்கமாகிவிடும். குளிர்பானத்தில் ஊறப்போடும் வித்தையும் இதே ரகம்தான். அங்கே வேலை செய்வது பாஸ்பாரிக் அமிலம்.

வெள்ளிக்கு விபூதி. பூஜைச் சாமானுக்குப் பழகிய முறை என்பதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. விரலுக்கு மாவாகத் தெரிகிற சாம்பல், வெள்ளியின் மேல் நுண்ணிய உப்புத்தாள். ஒவ்வொரு தேய்ப்பும் முடியிழை போன்ற கீறல்களை விட்டுப் போகிறது. பற்பசையும் அப்படித்தான், பல்லின் கறையை எடுப்பதற்கென்றே அதில் அரைப்புத் துகள் சேர்த்திருக்கிறார்கள். நகைப் பட்டறையில் கொடுத்தால் சுழலும் பஃப் சக்கரத்தில் காட்டி எடுத்துக் கொடுப்பார்கள். அதோடு முடிந்தது கதை. ராணியின் கன்னம் வழவழப்பாகி, கிரீடத்தின் கற்கள் மழுங்கி, எழுத்துகளின் விளிம்பு உருகினாற்போல ஆகிவிடும்.

‘நான் தேய்க்கவே இல்லை, நனைத்துத்தான் எடுத்தேன்’ என்பவர்களும் தப்புவதில்லை. கடைகளில் விற்கும் வெள்ளிக் கழுவு திரவங்களில் பெரும்பாலும் அமிலமும் தயோயூரியாவும் இருக்கும். வெள்ளியின் கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு. கறுப்பைக் கரைத்தால் அதில் சேர்ந்திருந்த வெள்ளியும் கூடவே போகும். அச்சு வேகமாக அழுந்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்தோடிய நுண்வரிகள் புதுக்காசின் மேல் இருக்கும். காசை விளக்கின் கீழே சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரமாகச் சுழல்வது அந்த வரிகளால்தான். ‘மின்ட் லஸ்டர்’ என்று வியாபாரிகள் கொண்டாடுவது இதைத்தான். திரவத்தில் முங்கி எழும் ஒவ்வொரு முறையும் அந்த வரிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் வைக்கும் முறை கறுப்பை மறுபடி வெள்ளியாகவே மாற்றுகிறது என்பது சரிதான். ஆனால் திரும்ப வந்து ஒட்டும் வெள்ளி பழைய பளிங்கு மேற்பரப்பாக ஒட்டுவதில்லை. வெளிறிய சுண்ணாம்புப் பூச்சாக நிற்கிறது.

தங்கம் கறுப்பதில்லை, ஆகவே அதைத் தேய்ப்பவர் குறைவு. அங்கே வேறு சாபம். காசுமாலைக்கும் பதக்கத்துக்குமாக வளையம் பற்றவைத்த காசு, வளையத்தை எடுத்தாலும் விளிம்பில் பற்றாசுத் தழும்போடுதான் நிற்கும். சேகரிப்பவருக்கு அது நகை; நகைக்கடைக்காரருக்கு அது எடை.

பூதக்கண்ணாடிக்குத் தப்பாது

நாணயக் கண்காட்சிகளில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். காசை வாங்கியதும் அவர்கள் பெயரையோ ஆண்டையோ முதலில் பார்ப்பதில்லை. விளிம்பைப் பிடித்து விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்ப்பார்கள். ஒளி சுழல்கிறதா, ஒரே தட்டையாகப் பளிச்சிடுகிறதா? பிறகு பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ். உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தெரிந்தால் துணி; வட்டமாகச் சுற்றினால் விரல். நடுவில் பளிச்சென்றும் எழுத்துகளின் இடுக்கில் கறுப்பாகவும் இருந்தால் தூள் போட்டுத் தேய்த்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ப்பு வந்துவிடும்: “பாலிஷ் போட்ட காசும்மா இது. தேய்க்காம கொண்டுவந்திருக்கலாமே.”

அமெரிக்காவில் 1949-இல் செப்புச் சென்டுகளுக்காக உருவான ஷெல்டன் அளவுகோல்தான் இன்று உலகம் முழுக்க நாணயத்தின் தரத்தை ஒன்றிலிருந்து எழுபது வரை எண்ணாகச் சொல்கிறது. அந்த எண்ணை வைத்தே ஏலத்தில் விலை ஏறுகிறது. தரச்சான்று தருபவர்கள், கடுமையாகச் சுத்தம் செய்த காசுக்கு அந்த எண்ணையே தருவதில்லை. உருவம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ‘டீடெயில்ஸ்’ என்று போட்டு, ‘கிளீன்டு’ என்று பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுவார்கள். செப்புக் காசுக்கு இன்னும் கறார்: அசல் சிவப்பு, சிவப்பும் பழுப்பும் கலந்தது, பழுப்பு என்று நிறத்தையே மூன்றாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள். புளியில் எடுத்த சிவப்பு இந்த மூன்றிலும் சேராது.

அப்படிக் கழித்துக்கட்டிய வெள்ளி ரூபாய் கடைசியில் போய் விழுவது உருக்கு விலையில். கம்பெனி காலத்திலும் பிரிட்டிஷ் ராஜ்யத்திலும் அடித்த வழக்கமான வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது சுமார் 10.7 கிராம் வெள்ளிக்கு அன்றைய மார்க்கெட் விலை. அதற்கு மேல் கிடைத்தால் அது வாங்குபவரின் தாராள மனசு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இலிருந்து, ரூபாயில் வெள்ளி பாதியாகிவிட்டது. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோகிறவருக்கு உருக்கு விலை ஆறுதல்கூடப் பாதியாகிவிடும், அல்லது இல்லாமலே போய்விடும்.

ஒரு புள்ளியில் இருக்கிறது விலை

தேய்ப்பதில் முதலில் போவது என்ன தெரியுமா? சின்னச் சின்ன அடையாளங்கள். விலையை நிர்ணயிப்பவையும் அவைதான்.

விக்டோரியா படம் போட்ட 1862 ரூபாய் நம்மூர் வீடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் 1862 என்று போட்டிருப்பவை எல்லாம் 1862-இல் அடித்தவை அல்ல. அந்த ஆண்டை மாற்றாமல் 1874 வரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். உண்மையான ஆண்டைக் குறிப்பதற்குப் பின்பக்கத்தில் ஆண்டின் அருகிலும் எழுத்தின் அருகிலும் குட்டிப் புள்ளிகள் வைத்தார்கள். எத்தனை புள்ளி, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து ஒன்று சாதாரணக் காசாகும். ஒன்று அரிய காசாகும். ஊசிமுனை அளவு மேடான அந்தப் புள்ளிகள் பஃப் சக்கரத்தின் முன் எத்தனை விநாடி தாங்கும்?

1835 வில்லியம் ரூபாயிலும் 1840 விக்டோரியா ரூபாயிலும் மன்னர் கழுத்து வெட்டுப்பட்டு முடியும் இடத்தில் ஓரிரு எழுத்துகள் இருக்கும். எழுத்து இருக்கிறதா இல்லையா, என்ன எழுத்து, மேடாக இருக்கிறதா பள்ளமாக இருக்கிறதா என்பதெல்லாம் ரகம் பிரிக்கும் விஷயங்கள். தேய்த்த காசில், எழுத்தே இல்லாமல் அடித்ததா, தேய்ந்துபோனதா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் வாங்குபவர் எப்போதும் மலிவான ரகத்தின் விலையைத்தான் சொல்வார்.

1911-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு ‘பன்றி ரூபாய்’ என்றே பெயர். மன்னரின் மார்பில் தொங்கும் யானைச் சின்னத்தின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பி, காசு திரும்பப் பெறப்பட்டு, பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1912 காசில் யானையைத் திருத்தினார்கள். அந்தக் குட்டி மிருகத்தைப் பார்க்கத்தான் 1911 ரூபாயைத் தேடி வாங்குகிறார்கள். விபூதி போட்டு மார்பைத் தேய்த்துவிட்டால் யானையும் இல்லை, பன்றியும் இல்லை.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். செப்புக் காசில் இறுகிப் பிடித்த, நகத்துக்கு அசையாத கரும்பச்சை, காசின் கவசம். வெளிர்பச்சையாக, மாவுபோல் உதிர்ந்து, துடைத்தாலும் மறுபடி பூக்கும் பச்சை வேறு. மண்ணிலோ கடலிலோ உப்பு ஏறிய செம்பில் குளோரைடு தங்கி, காற்றின் ஈரம் பட்டதும் உலோகத்தை உள்ளிருந்து தின்ன ஆரம்பிக்கும். நாகப்பட்டினம், சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் இதற்குத் தீனி அதிகம். அப்படிப்பட்ட காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடி வைத்து, தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். வீட்டில் வைத்தியம் பார்க்கக் கூடாது.

இதே நோயால் அரித்துக்கொண்டிருந்த செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றத்தான் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். மின்பகுப்பு முறையில் களிம்பை மெல்ல மெல்ல நீக்கும் வேலை அங்கே நடந்தது. சுத்தம் செய்வது என்பது உலோகம், உப்பு, ஈரம் மூன்றையும் படித்தவர்கள் லென்ஸுக்குக் கீழே, நாள் கணக்கில் செய்யும் காரியம். புளிக்கும் தேங்காய் நாருக்கும் அங்கே இடமில்லை.

அமராவதி மணலில் அரித்தவை

இதுவரை சொன்னது பணக் கணக்கு. வெள்ளி ரூபாய் ஒன்று பாழானால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். அதே அச்சில் அடித்த ரூபாய்கள் வேறு வீடுகளில் இருக்கத்தான் செய்யும். என் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு காசுகள். கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையில் வைகைப் படுகையிலும் கிடைக்கிற, கட்டைவிரல் நகம் அளவேயான செப்புத் துண்டுகள்.

சங்க கால மன்னர்கள் தங்கள் பெயரைப் பொறித்து நாணயம் வெளியிட்டார்களா என்பது 1980-கள் வரை ஆய்வாளர்களுக்கே சந்தேகமாக இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த சதுரச் செப்புக் காசு. ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கோட்டுருவில் மீன். பின்னர் கரூர்ப் பகுதியிலிருந்து, மன்னனின் தலையோடு ‘மாக்கோதை’ என்று பெயர் எழுதிய சேரர் வெள்ளிக் காசும், ‘கொல்லிப்பொறை’ என்ற பெயர் தாங்கிய செப்புக் காசும் வெளிச்சத்துக்கு வந்தன. பாட்டில் மட்டுமே கேட்டிருந்த பெயர்கள் உள்ளங்கையில் வைத்துப் படிக்கக் கிடைத்தன.

இவற்றில் பெரும்பாலானவை அகழாய்வுக் குழியிலிருந்து வந்தவை இல்லை. ஆறு வற்றும் காலத்தில் மணலை அரித்துப் பொன்துகளும் உலோகத் துண்டும் தேடுகிறவர்கள் எடுத்தவை. அங்கிருந்து பழைய பாத்திரக் கடைக்கும் நகைப் பட்டறைக்கும் எடைபோட்டுப் போய், அதன் பிறகு சேகரிப்பவர் கைக்கு வந்தவை. இந்தப் பாதையில்தான் ஆசிட் காத்திருக்கிறது. கைப்பிடி கைப்பிடியாகக் கறுத்த காசு வந்தால், எதில் உருவம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வியாபாரிக்கு நேரமில்லை. மொத்தமாக வாளியில் கொட்டித் திராவகத்தை ஊற்றினால் சீக்கிரம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார். வீட்டில் ஒருவர் புளியால் செய்வதை இவர் மொத்த வியாபாரமாகச் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாயிரம் வருடம் மண்ணில் கிடந்த செம்பு பற்றி உலோகப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அத்தகைய காசில் எழுத்தும் உருவமும் பல சமயம் உலோகத்தில் இருப்பதில்லை, களிம்பில்தான் இருக்கின்றன. காசு அடித்தபோது இருந்த மேற்பரப்பு முழுவதும் காலப்போக்கில் சிவப்பான ஆக்ஸைடாக மாறிவிட்டிருக்கும். அதற்கு மேலே பச்சைக் களிம்பும் மண்ணும் ஏறியிருக்கும். மேலே ஏறியதை மட்டும் நீக்கி அந்தச் சிவப்பு அடுக்கில் நிறுத்தத் தெரிந்தவர் கையில் எழுத்து எழுந்து வரும். அமிலத்துக்கு நிறுத்தத் தெரியாது. பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டுபோய், அடியில் குழி விழுந்த வெறும் செம்புக் கட்டியைக் கொண்டுவந்து வைக்கும். ‘இதுல ஒண்ணுமே இல்லை சார், மொட்டைக் காசு’ என்று வியாபாரி அதைத் தூக்கிப் போடுவார். அதில் ஒரு மன்னனின் பெயர் இருந்ததா, இல்லையா? இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தொலைந்தது இன்னதென்று தெரிந்தாலாவது வருத்தப்படலாம்.

ஈயக் காசுகளின் கதி இன்னும் மோசம். இலங்கையின் தென்கோடியில், திஸ்ஸமகாராமைக்கு அருகே அக்குருகொடவில் கிடைத்த சிறு ஈயக் காசுகள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்களைப் பிராமி எழுத்தில் படித்திருக்கிறார்கள். செம்பாவது புளியோடு கொஞ்சம் மல்லுக்கட்டும். ஈயத்துக்கு வினிகரின் ஆவியே போதும், வெண்பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். மரப்பெட்டியிலிருந்து கசியும் அமில ஆவிகூட அதற்கு ஆகாது.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. காசோடு ஒட்டியிருக்கும் மண்ணும் களிம்பும் அது எங்கே கிடந்தது என்பதற்குச் சாட்சி. கரூர் ஆற்றில் ரோமானியர்களின் பிற்காலச் செப்புக் காசுகள் ஏராளம் கிடைத்திருக்கின்றன. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டில் தமிழகத்தோடு மேற்கு உலகம் வைத்திருந்த வியாபாரத்தைப் பேசுபவை அவை. ஆனால் அதே மாதிரிக் காசுகள் ஐரோப்பியச் சந்தையில் மலிவாக, பை பையாக விற்கின்றன. ஆற்றுக் காசைத் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டால், அது அமராவதியில் எடுத்ததா, கூரியரில் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? சரித்திரச் சான்றாக இருந்த ஒன்று வெறும் சாமானாகிவிடுகிறது. போலிகள் புழங்கும் சந்தை வேறு இது. புதிதாக வார்த்த போலிக்கு ரசாயனம் பூசிப் பழைய களிம்பு மாதிரிக் காட்டுகிறார்கள். அசல் காசின் அசல் களிம்பை நாமே எடுத்துவிட்டால், அசலைத்தான் முதலில் போலி என்பார்கள்.

காயமும் சரித்திரம்தான் என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையலைவிடச் சாட்சி வேண்டாம். 1898-இல் அங்கே கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது. நாணயமாகப் புழங்காமல் வெறும் தங்கமாக மட்டும் செல்லட்டும் என்று இங்கிருந்தவர்கள் போட்ட வெட்டு என்று கருதுகிறார்கள். அந்த வெட்டைச் சமன்செய்து ‘அழகாக்க’ ஒரு பட்டறைக்காரர் முன்வந்திருந்தால், தமிழக வணிக வரலாற்றில் ஒரு பக்கம் போயிருக்கும்.

கிடைத்த இடம் விலையையும் கூட்டும் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1808-இல் அடித்த பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரக் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1984, 85 வாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை மேலே எடுத்தார்கள். பல காசுகளைக் கடலுப்பு அரித்திருந்தது. ஆனாலும் ‘இந்தக் கப்பலில் எடுத்தது’ என்ற ஒரு வரிக்காகவே இன்றும் உலகம் முழுக்க அவற்றை வாங்குகிறார்கள். அரிப்பே அங்கே முகவரி. அமராவதிக் காசுக்கும் வைகைக் காசுக்கும் அப்படி ஒரு வரியை எழுதிவைக்க நமக்குத் தோன்றவில்லை. புளி எடுக்க மட்டும் தோன்றுகிறது.

‘பளிச்சுன்னு இருந்தாத்தான் போகுது!’

வெளுத்த காசுதான் வேகமாக விற்கிறது என்று சொல்லும் வியாபாரிகளும் உண்டு. கலசத்தில் போடவும் மாலை கட்டவும் வாங்குபவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். அது எடைக்கு விற்கும் வியாபாரம். எடைக்கு விற்பதற்குப் பாட்டியின் சுருக்குப் பை எதற்கு?

அப்படியானால் என்ன செய்யலாம்?

காசை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். விரல் வியர்வையின் தடம் வெள்ளியில் வருடக்கணக்கில் நிற்கும். துணியால் துடைக்கவே கூடாது, கைக்குட்டையும் கீறும். தளர்ந்த மண் மட்டும் இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிட்டு, மெல்லிய காகிதத்தில் ஒற்றி எடுங்கள். அதுவும் ஆற்றுக் காசு, புதைந்திருந்த காசு என்றால் வேண்டாம். பூஜை எண்ணெய்ப் பிசுக்கும் பிளாஸ்டிக் உறையின் பச்சைப் பசையும் ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோன் அதைக் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. அடுப்புக்கு எட்டத்தில், காற்றோட்டமாக வைத்துச் செய்ய வேண்டும். நகப்பூச்சு நீக்கி அசிட்டோனுக்கு மாற்று ஆகாது. அதில் வாசனையும் நிறமும் கலந்திருக்கும்.

வளையும் பிவிசி ஆல்பங்களைத் தூக்கிப் போடுங்கள். அந்தப் பச்சைப் பசையே அவற்றின் உபயம்தான். மைலார் உறை நல்லது. காசுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். அரசு நாணயச்சாலையின் உறையோடு வாங்கிய நினைவு நாணயங்களைப் பிரிக்காமல் வைத்திருங்கள். கண்ணாடிபோல் மின்னும் புரூஃப் காசில் ஒரு முறை துணி பட்டால் போதும், கீறல் காலத்துக்கும் போகாது.

விற்கப் போகும் முன் எடை, இரண்டு பக்கப் படம், குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் மூன்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் மட்டும் காட்டாமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ‘உங்கள் காசு லட்சம் போகும், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்’ என்பவர் வாங்க வந்தவர் இல்லை, ஏமாற்ற வந்தவர். மண்ணில் புதைந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறு ஆண்டைத் தாண்டிய நாணயத்தைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது.

வெள்ளி ரூபாயை வைத்திருப்பவர்கள் தேய்க்காமல் விற்றால் நாலு காசு கூடக் கிடைக்கும். அது உங்கள் லாபம், உங்கள் இஷ்டம். ஆற்றோரத்து ஊர்க்காரர்களிடமும், பழைய பாத்திரக் கடைக்காரர்களிடமும், பட்டறைக்காரர்களிடமும் நான் கேட்பது வேறு. எழுத்துத் தெரியாத கறுத்த செப்புக் காசு கைக்கு வந்தால் ஆசிட் பாட்டிலைத் திறக்காதீர்கள். வந்தபடியே ஒரு காகித உறையில் போட்டு, எந்த ஊர், எந்தத் துறை, எந்த மாதம் என்று மேலே எழுதுங்கள். பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்திலோ கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ ஒரு முறை காட்டுங்கள். இன்னும் நாம் படிக்காத ஒரு பெயர் அதில் இருக்கலாம்.